உயிர்ப்பு நாளுக்குச் சொல்லிவைத்த அடையாளம்

நனைந்த களிமண்ணை உள்ளங்கையால் தட்டித் தட்டி வழவழப்பாக்கும்போது எழுகிற சத்தமும், விரலிடுக்கில் ஏறுகிற குளிர்ச்சியும்தான் கல்லறைத் திருநாள் என்றதும் எனக்கு முதலில் நினைவுக்கு வருகின்றன. எங்கள் ஊர் மயிலாடுதுறைக்குக் கிழக்கே, காவிரிக் கரையில் இருக்கிறது. கல்லறைத் தோட்டமும் கரையை ஒட்டித்தான். அப்போது அங்கே எல்லாமே மண் கல்லறைகள். ஐப்பசி மழையில் அவை கரைந்துபோகும் என்பதால், வாழைக்கு மண் அணைப்பதுபோல, திருநாளுக்கு முந்தின நாள் ஒவ்வொரு குடும்பமும் போய்த் தங்கள் மேட்டைத் திருத்தும். அதை நாங்கள் "மேடு அணைக்கிறது" என்போம். மறுநாள் செவ்வந்திப் பூவும், காற்றுக்கு மறைவாகக் கொட்டாங்குச்சிக்குள் வைத்த மெழுகுவத்தியுமாகக் காத்திருப்போம். பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துவிட்டுப் போவார்.

எங்கள் மேடு சின்னது. இரண்டரை வயதில் காய்ச்சலில் போன என் தங்கை செலின் அதற்குள் இருந்தாள்.

கடைசி நாளில் எக்காளம் ஊதும், கல்லறைகள் திறக்கும், மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள், அதன்பிறகு முடிவே இல்லாத வாழ்வு என்று உபதேசியார் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குச் சொல்லிக்கொடுப்பார். மற்ற பிள்ளைகளுக்கு எப்படியோ, எனக்கு அந்த "முடிவே இல்லாத" என்கிற இடத்தில் தலை சுற்றும். ஆயிரம் வருஷம் ஆன பிறகு என்ன, அதற்கும் பிறகு என்ன என்று யோசித்து, பயந்து, பேசாமல் விளையாடப் போய்விடுவேன். அம்மாவுக்கு அந்தப் பயம் கிடையாது. அவளுடைய கவலையெல்லாம் அந்த வாழ்வின் முதல் நிமிஷத்தைப் பற்றியது.

"எந்திரிச்சதும் புள்ள முழிக்கும். அவ்ளோ கூட்டத்துல யாரத் தெரியும் அதுக்கு? என்னைய அது பக்கத்துலயே வச்சிருங்க. எந்திரிச்ச கையோட தூக்கிக்குவேன்" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டே இருப்பாள். மேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் அளவு இடத்தைத் தனக்கு விட்டுவைக்கும்படி உபதேசியாரிடமும் சொல்லிவைத்திருந்தாள்.

எனக்கு எட்டு வயதில் ஆற்று வெள்ளம் கரையைத் தாண்டிவிட்டது. தண்ணீர் வடிந்த மறுநாள், சேற்றுப்புண்ணால் நடக்க முடியாமல் இருந்த அம்மா, "செலின் சிலுவ இருக்கான்னு பாத்துட்டு ஓடியா" என்று என்னை அனுப்பினாள். போய்ப் பார்த்தால் தோட்டம் முழுக்கப் பரம்படித்த வயல்போல மட்டமாகக் கிடந்தது. பூவரசங்கட்டைச் சிலுவைகள் எல்லாம் வேலிக் காட்டாமணக்கில் சிக்கியிருந்தன. தாரால் பேர் எழுதிய செலினின் சிலுவையைத் தேடி எடுத்துவிட்டேன். எங்கே நடுவது என்றுதான் தெரியவில்லை. புங்கமரத்தை அடையாளம் வைத்து, லேசாகப் புடைத்திருந்த ஓரிடத்தில் குத்தி, மண்ணைத் தட்டிவிட்டு வந்து, "அப்படியேதாம்மா இருக்கு" என்றேன். அம்மா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இரண்டு திருநாள் போயிற்று. மூன்றாவது திருநாளில், வெள்ளத்துக்குப் பிறகு திருப்பூருக்குப் பனியன் வேலைக்குப் போயிருந்த லூர்து பெரியம்மா ஊருக்கு வந்திருந்தார். அவர் பிள்ளை ஜான்சனும் மூன்று வயதில் தவறியவன். நேரே எங்கள் மேட்டுக்கு வந்து நின்றார்.

"மேரி, இது எம்புள்ள மேடு. நீ ஏன் இங்க ஒக்காந்திருக்க?"

"என்னக்கா பேசுறீங்க. சிலுவையில பேரு இருக்குல்ல, படிச்சுப் பாருங்க."

"சிலுவைய யாரு வேணா நடலாம். புங்கமரத்துலேர்ந்து பத்தடி. எங்க வீட்டுக்காரரு காலால அளந்து வச்சது."

"உங்க வீட்டுக்காரரு என்னைக்கு நேரா நடந்தாரு, அளக்கறதுக்கு?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். பெரியம்மா சிரிக்கவில்லை. மரத்தடிக்குப் போய், அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். பத்தாவது அடி எங்கள் மெழுகுவத்தியின் பக்கத்தில் விழுந்தது.

"அப்ப எம்புள்ள எங்க?" என்றாள் அம்மா. சிலுவை நட்டது நான்தான், இடம் தெரியாமல் நட்டேன் என்று அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அம்மா என்னை அடிக்கவில்லை. மேட்டின் மேல் வைத்த கையை எடுக்கவும் இல்லை.

லூர்து பெரியம்மா மெதுவாகச் சேற்றிலேயே உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷமா எம்புள்ளைக்கு நீதான் மண்ணு அணச்சிருக்க. நான் அங்க பனியன் மடிச்சிட்டு இருந்தேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உன் புள்ளையும் இங்கதான எங்கயோ இருக்கு. அன்னைக்கு நம்மள்ல எவ மொதல்ல எந்திரிக்கிறாளோ, அவ ரெண்டையும் தூக்கிக்கணும். சரியா?"

"அடையாளம் சொல்லுங்க" என்றாள் அம்மா.

"வலது புருவத்துல தழும்பு இருக்கும். களத்துல வுழுந்தது. வேத்தாளு தூக்குனா கத்துவான். அதுக்காக எறக்கி வுட்றாத."

"இவ யாருகிட்ட வேணா வருவா. எடது காதுல மட்டும்தான் கம்மல் இருக்கும். இன்னொண்ணத் தொலச்சிட்டா."

வலது புருவம், இடது காது என்று இருவரும் ஒருவருக்கொருவர் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள். தூறல் ஆரம்பித்தது. பெரியம்மா தன் மெழுகுவத்தியையும் எங்கள் கொட்டாங்குச்சிக்குள்ளேயே வைத்தார்.

அதிகம் படிக்காத எனக்கு நித்திய வாழ்வைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். இப்போது யோசித்தாலும் தலை சுற்றத்தான் செய்கிறது. ஆனால் பயம் போய்விட்டது.

இன்று அந்தத் தோட்டத்தில் மண் மேடே கிடையாது. எல்லாம் பளிங்கும் கிரானைட்டும், போட்டோவும் பேரும். மண் அணைக்க வேலையில்லை என்பதால் முந்தின நாள் யாரும் வருவதில்லை. புங்கமரத்தையும் சுற்றுச்சுவர் கட்டும்போது வெட்டிவிட்டார்கள். இடம் பார்த்து அடக்கம் செய்ய முடியாது, வரிசைப்படிதான். லூர்து பெரியம்மாவுக்கு வாசல் பக்கம் கிடைத்தது. அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது, அவள் கேட்டுவைத்த இடம் இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். "எங்க வச்சா என்ன தம்பி. லூர்தக்கா வாசல்ல இருக்கு. அது பாத்துக்கும்" என்றாள்.

இந்தத் திருநாளில் என் சின்ன மகள் கேட்டாள்: "செலின் அத்த எந்திரிக்கிறப்ப இன்னும் சின்னப் புள்ளையாவேதான் இருப்பாங்களாப்பா?"

எனக்குத் தெரியாது என்றுதான் சொன்னேன். எந்த வயதில் எழுந்தாலும், அவளைத் தேடி அன்றைக்கு இரண்டு பேர் ஓடி வருவார்கள். ஒருத்தி வாசல் பக்கத்திலிருந்து, ஒருத்தி கடைசி வரிசையிலிருந்து.