வாலிகண்டபுரத்தில் காய்க்காத பருத்தி

காலை எட்டு மணிக்கு அரியலூரில் பேருந்து ஏறினேன். சிமெண்ட் லாரிகளுக்கு வழிவிட்டு வழிவிட்டு, முப்பது கிலோமீட்டர் சொச்சம் கடந்து பெரம்பலூர் சேர ஒன்பதரை ஆகிவிட்டது. அங்கிருந்து வாலிகண்டபுரத்துக்கு டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லை.

“சும்மா போறதுக்கு மொகத்த ஏம்மா இப்படி வச்சிருக்கீங்க?” என்றார் நடத்துனர்.

“சண்டைக்குப் போறேங்க.”

“அப்ப உக்காந்து போங்க, தெம்பு வேணும்ல” என்று இடம் பிடித்துக் கொடுத்தார்.

சண்டை என் சித்தி மகள் மலருக்காக. விதைப் பருத்திக் காடுகளில் கிராசிங் வேலை செய்பவள் அவள். ஒரு ரகத்துப் பூவின் ஆண் பாகத்தைக் கிள்ளி எடுத்து, இன்னொரு ரகத்தின் மகரந்தத்தைத் தடவி, அடையாளத்துக்குக் காம்பில் நூல் கட்ட வேண்டும். அவரவருக்கு ஒரு நிறம், மலருக்குச் சிவப்பு. வறட்சி தாங்கும் நாட்டுப் பருத்தியையும் காய் பெருக்கும் கம்பெனிப் பருத்தியையும் சேர்த்தால் என்ன என்று போன சாகுபடிப் பட்டத்தில் அவளுக்கு ஓர் ஆசை. அவளை வேலைக்குக் கூப்பிடும் மேஸ்திரியின் மனைவி செல்வியும் சேர்ந்துகொண்டாள். இருவரும் பூ ஒட்டிக் கிடைத்த கொஞ்ச விதையை இந்தப் பட்டத்தில் மேஸ்திரியின் காட்டோரம் இரண்டு வரிசையாக ஊன்றினார்கள்.

செடி வளர்ந்தது, பூத்தது, காய்க்கவில்லை. மேஸ்திரி மலரை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார். அவள் வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது.

பத்தரை மணிக்குக் காட்டில் நின்றேன். செடிகள் இடுப்பளவு, கொள்ளாத பூ.

“கைராசின்னு ஒன்னு இருக்குல்லம்மா?” என்றார் மேஸ்திரி. “அவளுக்கும் கல்யாணமாயி இத்தன வருசம்…” மீதியைக் கையை விரித்துச் சொன்னார். மலர் அங்கேயே நின்றிருந்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னேன்: நாட்டுப் பருத்தியில் குரோமோசோம் இருபத்தாறு, கம்பெனிப் பருத்தியில் ஐம்பத்திரண்டு. பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டு பருத்திகள் கலந்து, அந்தக் கலப்பில் எல்லாம் ஒரேயடியாக இரட்டித்துப் பிறந்த இனம் இது. அன்றோடு நாட்டுப் பருத்தியிடமிருந்து பிரிந்துவிட்டது. இன்று இரண்டையும் சேர்த்தால் பிள்ளைச் செடிக்கு இதில் பாதி, அதில் பாதியாக முப்பத்தொன்பது. பதின்மூன்றுக்குச் சோடி இராது. சோடி சேராத செடி பூக்கும், காய்க்காது.

“கணக்கெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு” என்று சிரித்தார்.

அப்போதுதான் வரிசைத் தலைப்பில் நட்டிருந்த குச்சிகளைப் பார்த்தேன். ஒன்றில் சிவப்பு நூல், மற்றதில் மஞ்சள்.

“மஞ்சள் யாருது?”

களத்தில் இருந்த செல்வி புடவையை உதறிக்கொண்டு வந்தாள். “என்னுது” என்றவள் புருசன் பக்கம் திரும்பினாள். “நீங்க ரெண்டும் மலரோடதுன்னு நெனச்சிட்டீங்களோ? ரெண்டு புள்ள பெத்த கைதான் ஒட்டுச்சு. எங்க காயி? காட்டுங்க பாப்பம்.”

மேஸ்திரி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “சரி, சரி. நாளைக்கு வரச் சொல்லு.”

“நின்னுட்டுத்தான இருக்கா? நீங்களே சொல்லுங்க” என்றாள் செல்வி.

சொன்னார். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் அதே நடத்துனர். “செயிச்சாச்சா?”

“வேலை கெடச்சிடுச்சுங்க” என்று மட்டும் சொன்னேன். செடிக்குள் இருந்த காரணத்தை ஒரு பெண்ணின் வயிற்றில் தேடினார்கள். அவள்மேல் தப்பில்லை என்று காட்ட இன்னொருத்தியின் பிள்ளைகளை அல்லவா சாட்சிக்கு இழுக்க வேண்டியிருந்தது?