ரெஜினா எண்டர் தட்டவில்லை

பெங்களூரில் ஹோசூர் ரோட்டில் பஸ் நகராமல் நின்றுகொண்டிருந்த ஒரு காலையில்தான் செய்தி வந்தது. ரெஜினாவின் தங்கை ஃபோனில், "குமரேசன் அண்ணா, அக்கா இல்ல. எழுந்து காபி போட்டாங்க, அப்படியே சாஞ்சிட்டாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே..." என்று சொல்லி நிறுத்திவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். எந்தக் காரியத்தையும் சொல்லாமல் கொள்ளாமல் செய்யாத மனுஷி இதை மட்டும் இப்படிச் செய்துவிட்டாரே என்று. கண்டக்டரிடம் சொல்லி நடுரோட்டிலேயே இறங்கி, எதிர்ப்பக்கம் போய், அவர் வீடு இருந்த காக்ஸ் டவுனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

அடக்கத்துக்கு முன் சர்ச்சில் ஃபாதர் பேசும்போது, ரெஜினா பாடற்குழுவில் எத்தனையோ வருஷம் பாடியவர், அமைதியானவர் என்றார். பாடியது சரி. அமைதியானவரா? நம் பழைய கம்பெனியில் அவரோடு வேலை பார்த்த நீங்கள் எல்லாரும் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொண்டதை நான் பார்த்தேன். சிரிப்பை அடக்கத்தான் குனிந்தீர்கள். எனக்கும் அதே கதிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவரைப் பற்றிச் சரியாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

தொண்ணூறுகளின் நடுவில் நானும் அவரும் ஒரே நாளில் அந்தக் கம்பெனியில் சேர்ந்தோம். யூனிக்ஸ் இயங்குதளம் ஓடும் கணினி இயந்திரங்களுக்கு மென்பொருள் எழுதித் தொழிற்சாலைகளில் நிறுவித் தரும் சின்னக் கம்பெனி. நான் தர்மபுரியிலிருந்து வந்து பொம்மனஹள்ளியில் அறை எடுத்துத் தங்கியவன். அவர் காக்ஸ் டவுனிலேயே பிறந்தவர். தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திரும்பி இங்கிலீஷில் முடிக்கிற வாய். என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏன் தர்மபுரி, சாப்டாச்சா?" என்பார். எழுதிய நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் பெரிய கம்பைல் ஓடும்போது இயந்திரத்தின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு ஏதாவது ஞானப்பாட்டை மூக்காலேயே பாடுவார். கேட்டால், "அதுக்கும் பேச்சுத் துணை வேணாமாப்பா?" என்பார்.

ஒரு மென்பொருளை மூல வடிவத்திலிருந்து கட்டி நிறுவுவது எப்படி என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கட்டுவதற்கு முன்னால் அது கேள்வி கேட்கும். என்னை எங்கே வைக்கப் போகிறாய், என் கையேட்டுப் பக்கங்களை எங்கே வைப்பாய், எந்த மொழி வேண்டும் என்று வரிசையாக. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலை அதுவே எழுதி வைத்துக்கொண்டு நிற்கும். நாம் எண்டர் தட்டினால் போதும், அந்தப் பதிலையே எடுத்துக்கொள்ளும். நாங்கள் எல்லாரும் டக் டக்கென்று எண்டர் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவோம். ரெஜினா மட்டும் ஒவ்வொரு கேள்வியிலும் உட்கார்ந்துவிடுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல், "என்னங்க இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி பாத்துக்கிட்டே இருக்கீங்க?" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "கேள்வி கேட்டா பதில் சொல்லணும்பா. எண்டர் தட்டறது பதில் இல்ல. பூம்பூம் மாடு தலையாட்டறது."

அந்தக் குணத்தின் முழு உயரத்தையும் நான் பார்த்தது பொம்மனஹள்ளியில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். அங்கே சரக்குக் கிடங்கின் கணக்கு நம் மென்பொருளில்தான் ஓடியது. அதை ஓட்டியவர் செல்வி. ஆனேக்கல்காரர், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம். பேக்கிங் ஹாலில் பல வருஷம் இருந்து, பஞ்சுத் தூசியில் இழுப்பு வந்து, டாக்டர் சொன்னதன் பேரில் கம்ப்யூட்டர் அறைக்கு மாற்றப்பட்டவர். வேலை சுத்தமாகச் செய்வார். ஆனால் வழக்கமில்லாமல் ஏதாவது வந்தால் எந்தக் கட்டளையைத் தட்டுவது என்று தெரியாமல் நமக்கு ஃபோன் செய்வார். நம் ஆள் பஸ் பிடித்துப் போகும்வரை வாசலில் லாரி நிற்கும். மேனேஜருக்கு அலுத்துப்போயிற்று. மாசக் கடைசியோடு செல்வியைப் பேக்கிங்குக்கே அனுப்பிவிட்டு, இங்கிலீஷ் படித்த ஒரு பட்டதாரியைப் போடுவதாகச் சொல்லிவிட்டார்.

நானும் ரெஜினாவும் போயிருந்தபோது செல்வி எங்களிடம் அழவில்லை. "அங்க திரும்பிப் போனா என்னால மூச்சு விட முடியாது மேடம். நின்னுடுவேன். நின்னா வீட்ல அடுப்பு எரியாது. அவ்ளோதான்," என்று அன்றைக்கு மழை வரும் என்று சொல்கிற மாதிரி சொன்னார். ரெஜினா குனிந்து திரையைப் பார்த்தார். பிறகு, "மேன்னு தட்டினா மேனுவல் வருமே, அதைப் பாக்கறதில்லையா?" என்று கேட்டார். "வருது மேடம். ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டிப் படிச்சிடுவேன். என்ன சொல்றான்னுதான் தெரியல."

யூனிக்ஸில் 'மேன்' என்று தட்டி ஒரு கட்டளையின் பெயரைச் சேர்த்தால், அந்தக் கட்டளைக்கான கையேட்டுப் பக்கம் திரையில் வரும். நம் மென்பொருளின் கட்டளைகளுக்கும் அப்படிப் பக்கங்கள் இருந்தன, இங்கிலீஷில். இயந்திரத்தோடு வந்த மேன் நிரலுக்கு வேறு மொழி என்று ஒன்று உண்டு என்பதே தெரியாது. இலவசமாகக் கிடைத்த இன்னொரு மேன் மென்பொருளுக்குத் தெரியும். ஆளுக்கு ஆள் மொழி பார்த்துப் பக்கம் காட்டும். ஆனால் அதை அந்த இயந்திரத்திலேயே கட்டி நிறுவ வேண்டும். இயந்திரம் விற்றவர்களோ, எங்கள் கோப்பு ஒன்றைத் தொட்டாலும் பராமரிப்பு ஒப்பந்தம் ரத்து என்று மிரட்டி வைத்திருந்தார்கள். நான் "நமக்கேன் வம்பு" என்றேன். ரெஜினா சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: "போடறதுக்கு முன்னாடி எடுக்க வழி பாத்துக்கிட்டா வம்பே வராதுப்பா."

அப்படித்தான் செய்தார். முதலில் புது மென்பொருளை ஒரு காலி டைரக்டரியில் நிறுவிப் பார்த்தார். அது எங்கெங்கே என்னென்ன கோப்பைப் போடுகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்தார். எல்லாவற்றையும் எடுத்தார். மறுபடி போட்டார். மறுபடி எடுத்தார். விற்றவர்களின் மேன் இருந்த இடத்துப் பக்கமே போகாமல், புதியதற்குத் தனி இடம், தனிப் பெயர் என்று அமைத்தார். எனக்குத் தலை சுற்றியது. வேறு யாராவது இருந்தால் பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பேன். அவர் முகத்தில் பயமே இல்லை. பூ கட்டுகிறவர்கள் முகம்போல் இருந்தது.

அடுத்து அவர் செய்ததுதான் நான் எங்கும் பார்க்காதது. இயந்திரம் கேள்வி கேட்க ஆரம்பித்ததும் செல்வியைப் பார்த்து, "இது உங்களுக்காகக் கட்டற வீடு. ஜன்னல் எங்க வேணும்னு நீங்கதான் சொல்லணும்," என்றார். ஒவ்வொரு கேள்வியையும் பேச்சுத் தமிழில் அவரிடம் கேட்டார். பக்கத்தை எப்படிக் காட்டட்டும்? "கீழ ஓடிப்போயிடுது மேடம். மேல போன வரி திரும்ப வரணும்." அதற்கேற்ற நிரலின் பெயரைப் பதிலாகக் கொடுத்தார். ஒரு வரி எவ்வளவு நீளம்? "நீளமா இருந்தா கண்ணு வரி மாறிடுது. சின்னதா வைங்க." வைத்தார். ஒருமுறை வடிவமைத்த பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளட்டுமா, சீக்கிரம் வரும், ஆனால் நாம் திருத்தினாலும் சில நேரம் பழையதையே காட்டிவிடும். செல்வி சொன்னார்: "லேட்டா வந்தா பரவாயில்ல. தப்பா வரக் கூடாது." ரெஜினா என்னைப் பார்த்து ஒற்றைப் புருவத்தைத் தூக்கினார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: 'பாத்தியா, இதுதான் பதில்.'

பக்கங்களையும் செல்விதான் சொன்னார். அன்றைய திரைகளுக்கு ஆங்கில எழுத்து மட்டும்தான் தெரியும். அதனால் ஆங்கில எழுத்தில் தமிழ். ரெஜினா ஒவ்வொரு கட்டளையையும் செய்து காட்டுவார்; செல்வி புரிந்துகொண்டதைத் தன் வாயால் திருப்பிச் சொல்வார்; அதை அட்சரம் மாறாமல் ரெஜினா தட்டுவார். "சாயந்தரம் வண்டி எல்லாம் போனப்புறம்தான் இத அடிக்கணும். முன்னாடியே அடிச்சா பாதி சரக்கு கணக்குல வராது. அவசரப்பட்டு அடிச்சிட்டா பயப்படாதீங்க, அடுத்த பக்கம் பாருங்க." எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. "இது மேனுவலாங்க? டீக்கடைப் பேச்சு மாதிரி இருக்கு," என்றேன். "படிக்கறவங்களுக்குப் புரிஞ்சா மேனுவல். புரியலன்னா அது சுவர்ல மாட்டி வெச்ச படம். போயி டீ வாங்கிட்டு வா, தர்மபுரி." மற்ற ஷிப்டில் இருந்தவர் கன்னடக்காரர் என்பதால் எல்லாப் பக்கத்தையும் செல்வி கன்னடத்திலும் சொன்னார். அதையும் போட்டார்கள்.

மாசக் கடைசியில் மேனேஜர் புதுக் கையேட்டைப் பார்க்க வந்தார். கன்னடக்காரர், நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் நம்பாதவர். வந்த வேகத்தில் நிர்வாகி லாகினில் நுழைந்து மேன் என்று தட்டினார். பழைய இங்கிலீஷ் பக்கம் வந்து நின்றது. "ஏனம்மா இது? ஒண்ணுமே மாறல்லியே!" என்று சிரித்தார். ரெஜினா கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். செல்விதான் பேசினார். "சார், அது மெஷின்காரங்களோடது. அதை நாங்க தொடவே இல்ல. என் லாகின்ல வாங்க, காட்டறேன்."

வந்தார். செல்வி தட்டினார். கொஞ்சம் தாமதமாக, ஆனால் வந்தது. மேனேஜர் ஆங்கில எழுத்தில் இருந்த தமிழைக் கன்னட ராகத்தில் சத்தமாகப் படித்தார். "அவசரப்பட்டு அடிச்சிட்டா பயப்படாதீங்க" என்ற இடத்தில் நிறுத்தி, "இது நமக்கே சொன்ன மாதிரி இருக்கே!" என்றார். கீழே கீழே போனார். எந்தக் கையேட்டுப் பக்கத்திலும் கடைசியில் எழுதியவர் பெயர் இருக்கும். அங்கே வந்து நின்றார்.

"யாரு இது, 'செல்வி'ன்னு போட்டிருக்கு?"

"உங்க முன்னாடி உக்காந்திருக்காங்களே, அவங்கதான் சார்," என்றார் ரெஜினா.

மேனேஜர் செல்வியைப் பார்த்தார். செல்வி திரையைப் பார்த்தார். தன் பெயர் அங்கே இருப்பது அவருக்கே அப்போதுதான் தெரியும். வாயில் கை வைத்துக்கொண்டார். ரெஜினா குரலை உயர்த்தாமல், சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பதுபோல் சொன்னார்: "நாளைக்கு நீங்க யாரை வேணா போடுங்க சார். பட்டதாரியையே போடுங்க. அவர் இந்தப் பக்கத்தைப் பாத்துதான் வேலை கத்துக்கணும். எழுதினவங்களை பேக்கிங்ல நிக்க வெச்சுட்டு, படிக்க வந்தவரை இங்க உக்கார வெப்பீங்களா?"

மேனேஜர் இன்னொரு பக்கத்தைத் தட்டிப் படித்தார். இன்னொன்று. பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த மற்ற ஷிப்ட் ஆளுக்கும் இவங்களே சொல்லிக் கொடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு மென்பொருளை நிறுவுவது என்றால் கோப்புகளை அதனதன் இடத்தில் வைப்பது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். இந்தப் பெண்மணி ஒரு மனுஷியையே அவருக்கு உரிய இடத்தில் நிறுவிவிட்டாரே! சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அவரைப் பார்த்து எனக்குக் கும்பிடத் தோன்றியது. கும்பிட்டிருந்தால் "ச்சீ, போப்பா" என்று விரட்டியிருப்பார்.

பின்னால் நம் கம்பெனி மூடிப்போனது. ஆளுக்கொரு திசையில் போனோம். ரெஜினா வேறு வேலைக்குப் போனார், பெரிய பதவி எதற்கும் ஆசைப்படவில்லை என்றார்கள். ஆசைப்பட நேரம் இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. எங்காவது ஒரு கேள்வியின் முன்னால் உட்கார்ந்திருப்பார்.

அடக்கத்துக்குச் செல்வி வந்திருந்தார். தலை நரைத்திருந்தது. கல்லறை வாசலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். இயந்திரம் இரண்டு முறை மாறிவிட்டதாம். ஒவ்வொரு முறையும் அந்தப் பக்கங்களை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றதைச் செய்தார்களாம். இவர் இன்றும் அதே அறையில். "இத்தனை வருஷமும் மூச்சு விட்டது அவங்களாலதான் சார்," என்றார். இருவரும் அழுதோம். அழுது முடித்தபின் செல்வி கேட்டார்: "ஒண்ணு கவனிச்சீங்களா சார்? அத்தனை நாள் வந்தாங்களே, ஒருநாள்கூட மேடம் என் சேர்ல உக்காரல."

நான் கவனித்திருக்கவில்லை. அவர் சொன்னபிறகுதான் நினைத்துப் பார்க்கிறேன். ரெஜினா நின்றுகொண்டே பக்கவாட்டில் குனிந்துதான் தட்டினார். கால் வலித்தால் ஓர் அட்டைப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டுக்கொள்வார். அந்த நாற்காலியில் யாருக்கு இடம் என்பது இன்னும் முடிவாகாத அந்த நாட்களில், அவர் மட்டும் முதல் நாளே முடிவு செய்துவிட்டார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இது ஒன்றைத்தான். போன வாரம் ஒரு வாடிக்கையாளரின் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். இயந்திரத்தின் முன்னால் இருந்த பெண் பதறி எழுந்து, "வாங்க சார், உக்காந்து பாருங்க," என்று நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார்.

"வேணாம்மா, நீங்க உக்காருங்க. உங்களுக்கு எப்படி வேணும்னு சொல்லுங்க," என்று சொல்லிவிட்டு, பக்கத்தில் நின்றுகொண்டேன்.