கிழக்குக் கரை திரும்பிய கதை

கொண்டை ஊசி இரண்டு, வீட்டுச் சாவி, கைப்பேசி, இரும்புச் சட்டம் போட்ட மூக்குக் கண்ணாடி. எல்லாவற்றையும் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, எட்டத்தில் இருக்கும் பாறைமேல் வைத்துவிட்டு வருகிறார் கல்லக்கா. அவிழ்ந்த கூந்தலைத் துணி நாடாவால் முடிந்துகொள்கிறார். காது உடைந்த பழைய பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்று மூக்கில் ஏறுகிறது. அதற்குப் பிறகுதான் திசைகாட்டியைத் தொடுவார். "இந்த முள்ளு இருக்கே, சரியான சபலக்காரி. இரும்பு எங்க தெரிஞ்சாலும் அந்தப் பக்கம் சாஞ்சிடுவா."

கல்லூரியில் நிலவியல் பேராசிரியர். சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான்; தெருவுக்கும் மாணவர்களுக்கும் கல்லக்கா. அவர் தேடுவது எரிமலைப் பாறைகளை. பொன்னும் இல்லை, ரத்தினமும் இல்லை. கருகிய தோசைக்கல் நிறத்தில் கிடக்கும் பாறைகள். எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது, அதற்குள் இருக்கும் பொடி இரும்புத் துணுக்குகள் அன்றைய வடக்கைப் பார்த்தபடி உறைந்துவிடுமாம். பிறகு எத்தனை கோடி ஆண்டுகள் கழித்து நிலம் சுழன்றாலும், துணுக்குகளும் கல்லோடு சேர்ந்தே சுழலும். இப்போது அவை எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று அளந்தால், நிலம் எவ்வளவு திரும்பியது என்று சொல்லிவிடலாம்.

அதற்குப் பாறையில் குழாய் போன்ற துளைப்பானால் வட்டமாகத் துளையிட்டு, நடுவில் விரல் தடிமனுக்கு நிற்கும் கல்லை எடுக்க வேண்டும். எடுப்பதற்கு முன்னால் அது நிற்கும் திசையை அளந்து, அதன்மேல் அம்புக்குறி போட வேண்டும். குறி போடாமல் எடுத்த கல்லைக் கதவுக்கு முட்டுக்கொடுக்கத்தான் வைத்துக்கொள்ளலாம்.

இந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. கூட்டுவதற்கு நாற்காலியை நகர்த்தினாலும் சரி, பூந்தொட்டியைத் தூக்கினாலும் சரி, முதலில் தரையில் சாக்பீஸால் சுற்றிக் கோடு, நடுவில் வடக்கு நோக்கி அம்பு. "எடுத்தது எடுத்த எடத்துக்கே திரும்பி வரணும்ல" என்பார். விருந்தாளிகள் குனிந்து பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று விழிப்பார்கள்.

கணவர் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். மலைக்குப் போனால் வண்டி ஓட்டுவது, துளைக்கும்போது தண்ணீர் அடிப்பது, அளக்கும்போது பக்கத்தில் மண்டியிட்டு, இரும்பே இல்லாத மூங்கில் குடையைப் பிடிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. "முப்பது வருஷம் வண்டியத் திருப்பினேன். நிலமே திரும்பும்னு இவ சொல்லித்தான் தெரியும்." ஒவ்வொரு துளைக்கும் முன்னால் கல்லக்கா கேட்பார்: "இரும்பு ஏதும் வச்சிருக்கீங்களா?" அவர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவார். "மனசுல கூடக் கிடையாது."

போன மழைக்காலத்தில்தான் அந்த அதிசயம் நடந்தது. ஆற்றின் இரண்டு கரைகளிலும் ஒரே காலத்துப் பாறைகள். மேற்குக் கரையை முன்பே அளந்தாகிவிட்டது. கிழக்குக் கரைக் கற்களோ, சொல்லிவைத்தாற்போல எல்லாமே பதினைந்து டிகிரி விலகி நின்றன. அப்படியானால் கிழக்குக் கரை எப்போதோ உடைந்து, தனியாகச் சுழன்று, மறுபடி வந்து ஒட்டிக்கொண்ட நிலம்! இதுவரை யாரும் சொல்லாத சேதி. கல்லக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டுரை எழுதினார், ஆய்விதழும் ஏற்றுக்கொண்டது. வெயில் இருந்தால் சூரிய நிழலை வைத்து முள்ளைச் சரிபார்த்திருப்பார். அங்கே இருந்த நாள் முழுக்க வானம் மூடிக்கிடந்தது, சாரல் வேறு.

கட்டுரை அச்சேற இருந்த வாரம், ஒரு காலையில் திசைகாட்டி சாப்பாட்டு மேசைமேல் திறந்து கிடந்தது. கணவர் காபியைக் கொண்டுவந்து வைத்தார். முள் அவர் பக்கம் சாய்ந்தது. அவர் போனதும் நிமிர்ந்தது.

"ஏங்க, கொஞ்சம் வாங்க." வந்தார். முள் சாய்ந்தது. "போங்க. இப்ப வாங்க."

"என்னம்மா இது, பள்ளிக்கூடத்துல டிரில் வாங்கற மாதிரி?"

"பேன்ட்டத் தூக்குங்க."

முழங்காலில் ஒரு பட்டை.

"இது துணிதானேம்மா! உள்ள ஏதோ வில்லை வச்சுத் தைச்சிருக்கு, ரத்த ஓட்டத்துக்கு நல்லதுன்னு மருந்துக்கடையில சொன்னாங்க."

"எப்ப இருந்து?"

"மேற்குக் கரை முடிஞ்சப்பவே முட்டி போயிடுச்சு. சொன்னா என்னை விட்டுட்டுப் போயிடுவியேன்னு..."

வில்லை ஒவ்வொன்றும் காந்தம். சாரல் ஒரே பக்கமிருந்து அடித்ததால் மனிதர் ஒவ்வொரு துளைக்கும் அதே பக்கம் மண்டியிட்டிருக்கிறார். கல்லக்கா கத்தவில்லை. ஆய்விதழுக்குப் போன் போட்டார். "கட்டுரைய நிறுத்தி வைங்க. அளக்கறப்ப பக்கத்துல காந்தம் இருந்திருக்கு. கவனிச்சிருக்க வேண்டியது நான்தான்." கணவரிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "துளையெல்லாம் அங்கதான இருக்கு. மறுபடி அளக்கணும். வண்டிய எடுங்க."

கிழக்குக் கரையில் இந்த முறை பளிச்சென்ற வெயில். கணவர் பட்டையை வீட்டிலேயே விட்டிருந்தார். அப்படியும் கிட்டே வரவில்லை. சரிவில் வெகு தூரம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். கல்லக்கா பழைய துளைகளில் பித்தளைக் குழாயைச் செருகிச் செருகி, கல் நின்ற திசையை அளந்தார். முள்ளும் நிழலும் ஒரே பதிலைத்தான் சொல்லின. கடைசித் துளையை மட்டும் இன்னொரு தடவை அளந்து பார்த்தார். வலித்தது, பொய் சொல்வானேன்.

"திரும்பிச்சா?" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார் கணவர்.

"இல்லீங்க. இம்மிகூடத் திரும்பல. ரெண்டு கரையும் ஒண்ணாவேதான் இருந்திருக்கு."

அவர் எழப் பார்த்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. "உன் உழைப்பெல்லாம் என்னால பாழாப் போச்சு. இனிமே என்னைக் கூட்டிட்டு வராதம்மா."

கல்லக்கா கண்ணாடியை மாற்றவில்லை, டப்பாவை எடுக்கவும் இல்லை. நேரே சரிவில் இறங்கி வந்தார்.

"அசையாதீங்க."

அவர் காலடியில் உட்கார்ந்து, பையிலிருந்து சாக்பீஸை எடுத்தார். இரண்டு செருப்புகளையும் சுற்றிப் பாறைமேல் கோடு போட்டு, நடுவில் வடக்கு நோக்கி ஒரு அம்பு வரைந்தார். பொடியை ஊதிவிட்டு, அவரைத் தூக்கிவிட இரண்டு கைகளையும் நீட்டினார்.