பாட்டு வராத வீடியோ

நான் வேலை செய்வது கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பி ஆலையில். வருடா வருடம் அங்கே காதைப் பரிசோதிப்பார்கள். மெல்லிய சத்தங்கள் எனக்கு நழுவ ஆரம்பித்துவிட்டதாக இந்த முறை டாக்டர் சொன்னார். இயர்போனைத் தொடவே கூடாதாம். பாட்டு இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. பயந்துபோனேன். காது இருக்கும்போதே நல்ல ஸ்பீக்கரில் நாலு பாட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வெறி பிடித்தது. புதிது வாங்க வசதியில்லை. ஆன்லைனில் பழையதைத் தேடினேன்.

அத்திப்பட்டிலிருந்து ஒரு விளம்பரம். ஆம்ப்ளிஃபையரும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும், மற்றவர்கள் கேட்பதில் பாதி விலைகூட இல்லை. நான் லேசில் யாரையும் நம்புகிற ஆள் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவரில் மீஞ்சூர் பாத்திரக்கடைக் காலண்டர், கொடியில் லுங்கி. எங்கிருந்தோ சுட்ட படம் இல்லை. அட்வான்ஸும் கேட்கவில்லை. ஆனால் எத்தனை முறை கூப்பிட்டாலும் விற்பவர் போனை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறார். 'மெசேஜ் பண்ணுங்க' என்று பதில் வரும்.

பெட்டி பாடுவதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன். உடனே வந்தது. ஆம்ப்ளிஃபையரில் பச்சையும் சிவப்புமாக விளக்குகள் குதித்தன. குக்கர் விசில் கேட்டது, காக்கா கத்துவது கேட்டது, பாட்டு மட்டும் கேட்கவில்லை. கீழே 'கிளியரா பாடுது பாருங்க' என்று எழுதியிருந்தார். என் காதுதான் அடியோடு போய்விட்டதோ? போனை மனைவியிடம் நீட்டினேன்.

"எனக்கும்தான் கேக்கல. அந்தாளு நம்மள கேனைன்னு நெனச்சிக்கினு கீறான்," என்றாள்.

எனக்கு விட மனசில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் மின்சார ரயில் ஏறினோம். பெட்டியைச் சோதிக்க நான், பேரம் பேச அவள்.

கதவைத் திறந்தது விற்பவரின் மனைவி. "அவருக்குக் காது சுத்தமா கேக்காதுப்பா. ஊர் ஊரா போய் பவர் ஹவுஸ்ல டர்பைன் பக்கத்துலயே வேல பாத்தாரு. மூஞ்சப் பாத்து மெதுவா பேசு, புரிஞ்சிக்குவாரு."

எனக்கு எல்லாம் விளங்கியது. இப்படிப்பட்டவரையா சந்தேகப்பட்டோம் என்று கூச்சமாக இருந்தது. ஐம்பதைத் தாண்டிய அந்த மனிதர் ஆடுகிற விளக்குகளைக் காட்டி எங்களைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். நான் பின்பக்கம் குனிந்தேன். ஸ்பீக்கர் ஒயர்கள் கழன்று கிடந்தன. வீடு பெருக்கும்போது பிடுங்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். மாட்டினேன்.

ஆம்ப்ளிஃபையரில் செருகியிருந்த பென் டிரைவிலிருந்து ஒரு பழைய பாட்டு வீட்டை நிரப்பியது. பாடகி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. அவ்வளவு மெல்லிய சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறதே என்று கண் கலங்கிவிட்டது. விலை பேசச் சொல்லி மனைவிக்கு ஜாடை காட்டினேன். அவளோ என் கையைப் பிடித்து, கதவைத் திறந்த அக்காவைக் கண்ணால் காட்டினாள். அந்த அக்கா சுவரில் சாய்ந்து, பாட்டோடு சேர்ந்து வாயசைத்துக்கொண்டிருந்தார்.

விற்பவர் தன் மனைவியின் உதடுகளையே பார்த்தார். "இன்னாடி, இன்னும் பாட்டு புடிக்குமா உனக்கு? எனக்குக் காது போனதுலேர்ந்து ஒரு நாளும் நீ இத்த போட்டதே இல்லியே."

அக்கா அவர் முகத்துக்கு நேராக வந்து நிதானமாகச் சொன்னார். "உனக்குக் கேக்காதப்போ நான் மட்டும் எப்பிடிய்யா போட்டுக்கினு குந்தறது?"

அவர் ஸ்பீக்கர் பெட்டியின் மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். "தம்பி, தப்பா நெனச்சிக்காத. இத்த விக்கல."

எனக்குக் கோபம் வரவில்லை. டீ குடித்துவிட்டு வெறுங்கையோடு கிளம்பினோம்.

ரயில் பொன்னேரி தாண்டியதும் மனைவி கேட்டாள்: "கம்பெனில காதுல வெச்சிக்க இயர் பிளக் குடுத்தாங்களே, எங்க கீது?"

லாக்கரில், கவர்கூடப் பிரிக்காமல் கிடந்தது. வேர்க்கிறது என்று நான் போடுவதில்லை. அதைச் சொன்னேன்.

"நாளைலேர்ந்து போட்டுக்கோ," என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னால தனியா பாட்டு கேக்க முடியாது."