ரவா ஒண்ணு, காலித் தட்டு ஒண்ணு

ஹோட்டலில் சர்வர் குரலை உயர்த்தினால் என் கை இன்னும் தட்டிலேயே நின்றுவிடுகிறது. தை மாதம் மகளின் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டது. மறுவீட்டு விருந்தும் ஆயிற்று. ஆனாலும் அதற்கு முன் வந்த அந்த ஒரு சனிக்கிழமைச் சாயங்காலத்தை நினைத்தால் நெஞ்சு ஒரு தரம் படபடக்கிறது. என் கணவருக்கு அதே சாயங்காலத்தை நினைத்தால் சிரிப்பு வருகிறது. பக்கத்தில் யாராவது இருந்தால் கதையை முதலிலிருந்து சொல்லவும் ஆரம்பித்துவிடுவார்.

நான் எதற்கும் பதறுகிறவள். பசுமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்துகிறேன். போர், பஞ்சம், பட்டத்துச் சண்டை எல்லாவற்றையும் நிதானமாகச் சொல்லிக்கொடுத்துவிடுவேன். மகள் வரவேண்டிய டவுன் பஸ் கொஞ்சம் தாமதித்தால் மட்டும் வாசலுக்கும் அடுப்பங்கரைக்குமாக நடக்கத் தொடங்கிவிடுவேன். அவர் அரசாங்க ஆபீஸில் இருக்கிறவர். ஃபைல்கள் நகரும் வேகத்தில்தான் அவருக்குக் கவலையும் வரும்.

சம்பளம் வந்ததும் முதல் சனிக்கிழமை நாங்கள் இருவரும் ஹோட்டலுக்குப் போவது வழக்கம். மேலமாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு தெருவில் இருந்த அந்த ஹோட்டலில் முன்னால் பெரிய ஹால். உள்ளே தள்ளி வரிசையாக நாலைந்து ‘ஃபேமிலி ரூம்’. ரூம் என்றால் நிஜமான ரூம் இல்லை. ஆள் உயரத்துக்குப் பலகைத் தடுப்பு, முன்னால் ஒரு திரை, எல்லாவற்றுக்கும் சேர்த்து மேலே இரண்டு மின்விசிறி. முகம் தெரியாது, பேச்சு மட்டும் தாராளமாகக் கேட்கும். ஒரு தடவை பக்கத்து ரூமில் ஒருவர் மாமியாரின் குணத்தைப் பற்றி விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவியிடம் புலம்புகிறார் என்று நினைத்தோம். கை கழுவும் இடத்தில் பார்த்தால் அவரோடு வந்திருந்தது அந்த மாமியார்தான். பேசியதெல்லாம் நேருக்கு நேராகத்தான் பேசியிருக்கிறார்.

காலித் தட்டு விஷயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கல்யாணமான புதிதில் அவர் என்னை முதன்முதலாக ஹோட்டலுக்கு அழைத்துப் போனபோது, எனக்கு ஒன்றும் வேண்டாம், காபி போதும் என்றேன். வீட்டில் பெரியவர்கள் எனக்கும் சேர்த்து உலை வைத்திருப்பார்கள். வெளியே தின்றுவிட்டு வந்து சோற்றை அளைந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம். அவர் தனக்கு ஒரு ரவா தோசை வரவழைத்து, கூடவே காலித் தட்டு ஒன்றும் கேட்டு வாங்கி என் முன்னால் வைத்தார். வெங்காயம் அடர்ந்த நடுப்பகுதி அவருக்கு, ஓரத்து முறுகல் எனக்கு. பிறகு தனிக்குடித்தனம் வந்தோம். நானும் வேலைக்குப் போனேன். சம்பளம் இரண்டானது. தோசை ஒன்றாகவே இருந்தது. ஒவ்வொரு மாதமும் அவர் பலகாரப் போர்டை மேலிருந்து கீழ் வரை ஒரு வரி விடாமல் படிப்பார். படித்து முடித்துவிட்டு ரவா தோசைதான் சொல்வார்.

மகள் பிறந்து வளர்ந்த பிறகு அவளையும் கூட்டிக்கொண்டு போவோம். அவளுக்கு மசால் ரோஸ்ட். ஆனால் கிழங்கு உள்ளே இருந்து தோசையை நனைத்துவிடுகிறது என்று ஒருநாள் ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள். அன்றிலிருந்து மசாலா தனியாக வரவேண்டும், சட்னி கூடாது, தொட்டுக்கொள்ள இட்லிப்பொடியும் எண்ணெயும் வேண்டும். எங்களுக்குப் பழக்கமான சர்வருக்குக் கனத்த குரல். ஆர்டரைக் கேட்டுக்கொண்டு அடுப்பங்கரைப் பக்கம் திரும்பி, “ரவா ஒண்ணு, காலித் தட்டு ஒண்ணு. ரோஸ்ட் ஒண்ணு, மசால் வெளியே, சட்னி இல்லாம, பொடி” என்று கூவுவார். எங்கள் வீட்டு வழக்கம் ஹால் முழுக்கத் தெரிந்துவிடும். காலேஜில் சேர்ந்ததும் மகள் எங்களோடு வருவதை நிறுத்திக்கொண்டாள். ஊரே கேட்கக் காலித் தட்டு என்று கத்துகிறார், மானம் போகிறது என்றாள்.

படிப்பு முடிந்து அவள் செல்லூரில் ஒரு நூல் வியாபாரியின் ஆபீஸில் கணக்கு எழுதப் போய்க்கொண்டிருந்தபோது அந்த வரன் வந்தது. உசிலம்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். பையன் படித்துப் பாலிடெக்னிக்கில் வாத்தியார் வேலை பார்க்கிறான். போட்டோவில் பார்க்க லட்சணமாக இருந்தான். மகளிடம் கேட்டோம். “உங்க இஷ்டம்மா” என்றாள். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்கு அதிலிருந்துதான் தூக்கம் கெட்டது. ஒரு ரிப்பன் வாங்குவதற்கே கடைக்காரரைப் பத்துக் கேள்வி கேட்கிறவள், கல்யாணத்துக்கு ஒன்றுகூடக் கேட்கவில்லையே என்று இருந்தது. மனதில் வேறு ஏதாவது இருக்குமோ என்று அவரிடம் இரண்டு மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடாகி, சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் சொல்லியும் ஆகிவிட்டது.

அதற்கு முந்தின நாள் சனிக்கிழமை. வீட்டு வேலை கிடக்கிறது, இந்த மாதம் ஹோட்டல் வேண்டாம் என்று காலையிலேயே பேசிக்கொண்டோம். மகளும் அதைக் கேட்டுக்கொண்டுதான் வேலைக்குக் கிளம்பினாள். ஆபீஸில் சரக்குக் கணக்குப் பார்ப்பதால் வர நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாயங்காலம் பூவும் பழமும் காபிப்பொடியும் வாங்க நாங்கள் இருவரும் டவுனுக்கு வந்தோம். பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தவர், ஹோட்டல் வாசலில் நெய் வாசனை வந்த இடத்தில் நின்றார். ஒரு காபி குடித்துவிட்டுப் போய்விடலாம் என்றார். உள்ளே போனதும் போர்டைப் படிக்க ஆரம்பித்துவிட்டார்.

சர்வர் எங்களைப் பார்த்துவிட்டு, “வாங்கண்ணே. வாங்கக்கா. என்னடா இந்த மாசம் காணோமேன்னு பாத்தேன்” என்று ஒரு ரூமின் திரையை விலக்கினார். பக்கத்து ரூமில் திரை ஏற்கெனவே மூடியிருந்தது. உள்ளே யாரோ தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். சர்வர் எப்போதும்போல, “ரவா ஒண்ணு, காலித் தட்டு ஒண்ணு” என்று கூவினார். பக்கத்து ரூமில் பேச்சு சட்டென்று நின்றது. அதைக் கவனித்தேன், ஆனால் ஒன்றும் நினைக்கவில்லை.

சர்வர் பக்கத்து ரூமுக்குள் போனார். ஒரு ஆண்குரல், எனக்கு ஏதாச்சும் கொண்டாங்க என்றது. ஏதாச்சும் என்று போர்டில் ஒரு பலகாரமும் இல்லையே என்றது ஒரு பெண்குரல். மின்விசிறிச் சத்தத்தில் குரல் சரியாகப் பிடிபடவில்லை. சர்வர் வெளியே வந்து கூவினார்.

“பூரி செட் ஒண்ணு. ரோஸ்ட் ஒண்ணு, மசால் வெளியே, சட்னி இல்லாம, பொடி.”

மதுரையில் அப்படித் தின்கிறவள் ஒருத்திதான் உண்டு. நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தார். வெளியே போக வேண்டுமென்றால் அந்தத் திரையைத் தாண்டித்தான் போக வேண்டும். விடிந்தால் பெண் பார்க்க வருகிறார்கள், இவள் யாரோடோ உட்கார்ந்திருக்கிறாள். ரிஜிஸ்டர் ஆபீஸ், மாலை, எங்கள் தலைமையாசிரியை என்னைப் பார்க்கப்போகும் பார்வை என்று ரவா தோசை வருவதற்குள் நான் எங்கெங்கோ போய்விட்டேன்.

தோசை வந்தது. அவர் பழக்கத்தில் ஓரத்தை ஒடித்து என் தட்டில் வைத்தார். அப்போது அந்தப் பையன் கொஞ்சம் உரக்கவே சொன்னான். “நாளைக்கு வேன்ல எல்லாரும் வாரோம். அம்மாச்சிகூட நானும் வாரேன்னு நிக்கிது. இன்னிக்கு இங்க பாத்தது தெரிஞ்சா என்னைய உரிச்சிருவாங்க.”

பையன் வேறு யாருமில்லை, நாங்கள் பார்த்த மாப்பிள்ளைதான். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அந்த நிம்மதி காபி நுரை அடங்குவதற்குள் போய்விட்டது. கூட்டத்தில் வைத்து எதையும் கேட்க முடியாது, அதனால்தான் ஆபீஸ் போனிலிருந்து பாலிடெக்னிக்குக் கூப்பிட்டேன் என்று மகள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்களிடம் கேட்காத கேள்விகளையெல்லாம் அவனிடம் கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று புரிந்தது. அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது, அவன் பயந்து ஓடிவிட்டால் என்ன செய்வது, வேன் கிளம்புவதற்குள் உசிலம்பட்டிக்கு யாரை அனுப்புவது என்று என் மனம் அடுத்த ஓட்டத்தைத் தொடங்கியது.

கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவேன் என்றாள் அவள். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றான் அவன். என் தட்டில் இருந்த முறுகல் சாம்பாரில் ஊறிக்கொண்டிருந்தது.

“உங்கம்மாட்ட அப்புறம் கேப்போம்” என்றாள் மகள். “நீங்க என்ன சொல்றீங்க.”

“போகணும்னுதான் நானும் சொல்றேன். வீட்ல சொல்லத்தான் பயமா இருக்கு.”

“பயந்தா ஒண்ணுமில்ல. எங்க வீட்லயும் ஒரு ஆளு இருக்காங்க. பஸ்ஸு வரலைன்னாலே பயப்படுவாங்க.”

என் கணவர் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். மகள் விடவில்லை.

“இன்னொண்ணும் சொல்லிர்றேன். எங்கம்மா ஹோட்டலுக்கு வந்தா எனக்கு ஒண்ணும் வேணாம்பாங்க. எங்கப்பா ஒரு தோசை, ஒரு காலித் தட்டும்பாரு. அப்புறம் அவரு தட்டுலருந்து இவங்க பிச்சுப் பிச்சு சாப்பிடுவாங்க. எம்புட்டு வருசமா நடக்குது தெரியுமா. எனக்கு அது வராது. பசிச்சா நானே கேப்பேன், முழுசாத் திம்பேன்.”

அந்த நேரத்தில் என் கை அவர் தட்டில்தான் இருந்தது. எடுக்கவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. ஓரத்து முறுகல் எனக்குப் பிடிக்கும், அவர் அதை ஒடித்து வைப்பதும் பிடிக்கும், அது இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பிறகு, முழு ரவா தோசை ஒன்று எனக்கென்று தனியாக என் முன்னால் வந்ததே இல்லையே என்பதும் நினைவுக்கு வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருந்தன. அவரைப் பார்த்தேன். அவர் சிரிப்பதை நிறுத்தியிருந்தார்.

பக்கத்து ரூமில் பையன் பூரித் தட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகச் சொன்னான். “எங்கப்பா சந்தைக்கு வந்தா மட்டும் ஹோட்டல்ல சாப்பிடுவாரு. எங்கம்மா ஒரு நாளும் ஹோட்டல் வாசப்படி மிதிச்சதில்ல.”

“அப்ப அவங்களையும் கூட்டிட்டு வருவோம்” என்றாள் மகள்.

“சரி. நான் காலித் தட்டு கேக்க மாட்டேன்.”

அவள் சிரித்தாள். வீட்டில் அந்த வரன் வந்த நாளிலிருந்து நான் கேட்காத சிரிப்பு அது. சின்ன வயதில் இதே ஹோட்டலில் மசாலாவைத் தனியாக வாங்கி ஜெயித்த அன்று சிரித்த அதே மாதிரி இருந்தது.

நாங்கள் தோசையை முடித்துவிட்டு அவர்கள் முதலில் போகட்டும் என்று அசையாமல் உட்கார்ந்திருந்தோம். அப்போது திரை விலகியது. சர்வர் ஒரு முழு ரவா தோசையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். நாங்கள் கேட்கவில்லையே என்றார் என் கணவர்.

“பக்கத்து ரூம்ல சொன்னாங்கண்ணே. அக்காவுக்குத் தனியா ஒண்ணு வைக்கச் சொல்லி.” பிறகு குரலைத் தணித்தார். அவருக்கு அது அவ்வளவாக வரவில்லை. “நம்ம பாப்பாதானேண்ணே அது.”

எங்கள் ஆர்டரைக் கூவிய பிறகுதான் அவள் தன் ஆர்டரைச் சொல்லியிருக்கிறாள். நாங்கள் பக்கத்தில் இருப்பது தெரிந்தே அந்த ரோஸ்ட்டை, அந்தப் பொடியோடு கேட்டிருக்கிறாள். வேறு ஏதாவது வாங்கித் தின்றுவிட்டு ஓசையில்லாமல் போயிருக்கலாம். அவள் அவனிடம் பேசியது அத்தனையும் எங்களுக்கும் சேர்த்துத்தான் பேசியிருக்கிறாள்.

திரைக்கு நடுவில் மகளின் முகம் தெரிந்தது. அவளுக்குப் பின்னால் பையன் நின்றிருந்தான். போட்டோவில் இருந்ததைவிட ஒல்லியாக, நெற்றியெல்லாம் வியர்வையாக இருந்தான். கழுவிய ஈரக் கையைக் கூப்புவதா துடைப்பதா என்று தெரியாமல் பாதியில் நிறுத்தி வைத்திருந்தான். நாங்கள் யார் என்று அப்போதுதான் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

“அப்பாவுக்கு ஒரு விள்ளல்கூடக் குடுக்காதம்மா” என்றாள் மகள். “முழுசா நீயே சாப்பிடு. அப்புறம், நாளைக்குக் கேசரியில முந்திரி தாராளமாப் போடு. அவங்க அம்மாவும் வாராங்க.”

அவ்வளவுதான் சொன்னாள். உங்க இஷ்டம்மா என்றதற்கும் இதற்கும் இருந்த தூரம் எனக்குப் புரிந்தது. பையன் ஒருவழியாக ஈரக் கையையே கூப்பினான். என் கணவர் தலையை ஆட்டினார். இருவரும் ஹாலைத் தாண்டி வெளியே போகும் வரை சர்வர் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

தோசை என் முன்னால் இருந்தது. நெய் மினுங்கிக்கொண்டு, சுற்றிலும் ஒடிபடாத முறுகலோடு, தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஓரத்தை ஒடித்தேன். எந்தத் தட்டில் வைப்பது என்று கை ஒரு கணம் தயங்கியது.

அவர் என் முன்னாலிருந்த காலித் தட்டை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டு, திரை இடுக்கு வழியாகப் போர்டை மேலிருந்து கீழ் வரை இன்னொரு தரம் படித்தார். பிறகு சர்வரிடம் சொன்னார்.

“எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. காபி போதும்.”