ஆறாவது காசு

குளித்துவிட்டு வந்து பார்க்கிறேன்... மேஜைமேல் ஐந்து செப்புக் காசுகள் பளபளவென்று மின்னுகின்றன! பக்கத்தில் பாலிஷ் டப்பாவும் துணியுமாக என் மச்சினன்.

"இன்னா மாமா, இத்தினி நாளா பாசி புடிக்க வுட்டுகினு கீறீங்க! பாருங்க, கண்ணாடி மாரி கீது!"

"வருஷம் எங்கேப்பா?"

"தேஞ்ச காசுல வருஷம் இன்னாத்துக்கு மாமா?"

முத்தாபுதுப்பேட்டையில் இருக்கிறான். ராணுவத்தில் பெல்ட் பக்கிளும் பட்டனும் பாலிஷ் போட்டே பழகிய கை. மங்கலான உலோகத்தைக் கண்டால் சும்மா இருக்குமா?

அவை என் மாமனார் விட்டுப்போன காசுகள். மொத்தம் ஆறு. பச்சையும் கறுப்புமாகக் கறை ஏறியிருந்தன. "அதுல ஒண்ணு அப்பா பொறந்த வருஷத்துக் காசுங்க. அவரே சொல்லியிருக்கார்" என்பாள் என் மனைவி. எது என்று பார்க்கத்தான் சுத்தம் செய்ய இறங்கினோம். இப்போது ஐந்தில் எண்ணே இல்லை. அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவள், "இன்னும் ஒண்ணு இருக்குல்ல?" என்றாள்.

இருந்தது. பரிசோதனைக்காக அதை மட்டும் தனியே ஊறப் போட்டிருந்தேன். முகப்பேரில் பழங்காசு சேகரிக்கும் நண்பர் சொன்ன வழி. புளி, எலுமிச்சை கூடாது — கறையோடு செம்பையும் அரித்துவிடும். காய்ச்சி வடித்த நீரில் வாரக்கணக்கில் ஊற வேண்டும். தண்ணீர் பச்சையானால் மாற்ற வேண்டும். கறை இளகியதும் மரக்குச்சியால் மெல்ல நெம்ப வேண்டும். தேய்க்கவே கூடாது. பேட்டரிக் கடையில் அந்த நீர் கிடைக்கிறது. ஆசிட் கேனை எடுத்துவிடாதீர்கள்! லேபிளை நான் மூன்று தடவை படித்தேன்.

மெல்ல மெல்ல மூன்று எண்கள் தெரிந்தன. மூன்றும் மாமனாரின் வருஷத்தோடு பொருந்தின. கடைசி எண்மேல் மட்டும் கறை.

போன ஞாயிறு மச்சினன் மறுபடி வந்தான், முறுக்குப் பொட்டலத்தோடு. நேராக அலமாரியில் இருந்த கிண்ணத்தின் மூடியில் கை வைத்தான்.

"இது இன்னா மாமா ஊறுது?"

"என் பல் செட்."

கை சட்டென்று பின்வாங்கியது.

பல் செட்டோ என் வாயில்! மாலைவரை உதட்டை மூடியே பேசினேன். "மாமா முறுக்கு துன்னல?" என்று இரண்டு தரம் கேட்டான். வேண்டாமென்று தலையாட்டினேன். மனைவி சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தாள்.

அவன் ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் குச்சியை எடுத்தேன். கடைசிக் கறை செதிலாகப் பெயர்ந்து வந்தது. மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அப்பா காசுதாங்க."

அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தேன்... முறுக்குக்கு!