வதாத் போட்ட கையெழுத்து

ஜெஸ்ஸீன் ஊரில் பாதிப் பேர் மருத்துவச்சி வதாத்தின் கையில் விழுந்தவர்கள். அவள் குரல் கேட்டாலே வயிற்றுப் பிள்ளைகள் ஒழுங்காகத் தலையைத் திருப்பிக்கொள்ளும். நானே இரண்டு முறை பார்த்திருக்கிறேன், நம்புங்கள். அவள் கையெழுத்திட்ட பிறப்புச் சீட்டைப் பார்த்த பிறகே ஊர்ப் பதிவாளரான முக்தார் பிள்ளையை லெபனான் குடியாகப் பதிவு செய்வார்.

அவள் மகள் லமீஸ் அதே படிப்பில் முதலாவதாக வந்தாள். ஆனால் உரிமம் கிடைக்கவில்லை. அப்பா எகிப்துக்காரர்; லெபனான் சட்டப்படி தாயின் குடியுரிமை பிள்ளைக்கு வராது.

முக்தார் ஷுக்ரி காபியை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "தப்பு உங்க மேலதான், வதாதம்மா. அன்னிக்குச் சீட்டுல அப்பன் பேரை எழுதாம, சர்ச் வாசல்ல கெடந்த பிள்ளைன்னு சொல்லியிருந்தா, இவ இன்னிக்கு லெபனான்காரி. அப்பன் ஆத்தா தெரியாத பிள்ளைக்குச் சட்டமே குடியுரிமை குடுக்குது."

"முறையாக் கல்யாணம் கட்டினது தப்பாடா? பொறந்தப்போ உன் முதுகுல தட்டினவ நான். இன்னும் ரெண்டு சேத்துப் போட்டிருக்கணும்!"

அன்றைக்கே அவர் மருமகளுக்கு வலி கண்டது. வதாத்தின் மணிக்கட்டு வீங்கியிருந்ததால் லமீஸ்தான் பிள்ளையை எடுத்தாள். கழுத்தில் இரண்டு சுற்றுக் கொடி. பதறாமல் விடுவித்தாள். பிள்ளை வீறிட்டது.

"என் பேத்தியைக் காப்பாத்திட்டியே, தாயி!" ஷுக்ரி அழுதே விட்டார். பிள்ளை பிறந்தால் கொடுக்கும், பட்டை மணக்கும் மெக்லிப் பாயசக் கிண்ணத்தை முதலில் லமீஸிடம்தான் நீட்டினார்.

சீட்டில் மட்டும் பிள்ளையை எடுத்தவளாக அவள் பெயரை எழுத முடியவில்லை. வதாத் வீங்கிய கையால் கையெழுத்துப் போட்டாள். பிறந்து ஒரு மணி நேரமே ஆன அந்தப் பெண் லெபனான்காரி ஆனாள்.

மறுநாள் காலை லமீஸ், தான் பிறந்த நாட்டில் தங்குவதற்கான அட்டையைப் புதுப்பிக்க வெளிநாட்டவர் வரிசையில் போய் நின்றாள்.